கண்ணு முதல்ல, கை அப்புறம்

போன வருஷம் ஜூலையில் ஒரு சாயங்காலம், மகள் ஸ்கூலில் இருந்து வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். த்ரோபால் டீமில் அவள் பெயர் இல்லை. பதினோரு வயசுப் பிள்ளைக்கு அது பெரிய விஷயம். அதைவிடப் பெரிய விஷயம், எல்லார் முன்னாலும் அவளைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தை. "இந்தப் பொண்ணுக்குக் கண்ணு ஒரு பக்கம் போவுது, கை ஒரு பக்கம் போவுது. இது வராது."

சொன்னவர் யார், எந்த ஸ்கூல் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அந்தக் கடைசி இரண்டு வார்த்தைதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது. வராது. ஒரு குழந்தைக்கு இது வராது என்று எப்படிச் சொல்ல முடியும்?

நான் எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டேலி கிளார்க். வருகிற பெட்டி, போகிற பெட்டி, நம்பர், சீல் எல்லாம் சரி பார்த்து எழுதுவது என் வேலை. அதனால் நாள் முழுக்க கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்வதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கிரேனில் இருந்து இறங்குகிற ஸ்பிரெடரின் நாலு மூலையிலும் பூட்டு இருக்கும். கன்டெய்னர் கூரையின் நாலு மூலையிலும் அதற்கான ஓட்டை இருக்கும். மேலே உட்கார்ந்திருப்பவர் லீவரை அசைத்து அந்த நாலையும் ஒரே நேரத்தில் இந்த நாலிலும் உட்காரவைக்க வேண்டும். கடல் காற்றில் ஸ்பிரெடர் ஆடிக்கொண்டே இருக்கும். அனுபவசாலி ஒருவர் செய்யும்போது பார்த்தால் அது தானாகப் போய் உட்காருவது போலத் தெரியும்.

மகள் அழுத மறுநாள் அப்படி ஒருவரிடம் டீக்கடையில் கேட்டேன். "அண்ணே, இறக்கும்போது நீங்க எதைப் பாப்பீங்க?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஓட்டையத்தான் பாப்பேன். கைய பாத்தா வேலை ஓடாதுப்பா."

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு எட்டு மாசமாக நானும் மகளும் போய்க்கொண்டிருக்கிறோம். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் செய்தது கண் பரிசோதனை. இதை மட்டும் யாரும் தள்ளிப்போடாதீர்கள். ராயபுரத்தில் ரயிலேறி, பீச் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டிக்கு மாறி, எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். 1819-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது, இரண்டு நூற்றாண்டாக இந்த ஊர்க் கண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வலது கண்ணில் மைனஸ் ஒன்றேகால். இடது கண் சரியாக இருக்கிறது. இரண்டு கண்ணும் ஒரே மாதிரி பார்த்தால்தான், வருகிற பந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மூளை கணக்குப் போட முடியும். ஒன்று தெளிவாகவும் ஒன்று மங்கலாகவும் இருந்தால் அந்தத் தூரக் கணக்கு தடுமாறும். பிள்ளை அதுவரை கண் சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? பிறர் எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால்தானே தன் பார்வை குறைவு என்று தெரியும். பந்தைப் பிடிக்கத் தெரியவில்லை என்று ஒரு குழந்தையைத் திட்டுவதற்கு முன் கண்ணாடி வேண்டுமா என்று பாருங்கள், தயவுசெய்து.

கண்ணாடி வந்தது. நிலைமை கொஞ்சம் தேறியது. ஆனால் முழுசாகத் தேறவில்லை.

அடுத்து மொட்டைமாடியில் ஒரு சோதனை செய்தோம். எங்கள் மாடியில் இருந்து பார்த்தால் துறைமுகத்து கிரேன்களின் தலை தெரியும். கையை நேராக நீட்டி, கட்டைவிரலால் ஒரு கிரேனின் உச்சியை மறைக்கச் சொன்னேன், இரண்டு கண்ணையும் திறந்துவைத்தபடி. பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடினாள். இடது கண்ணை மூடியதும் கிரேன் விரலை விட்டு வெளியே குதித்துவிட்டது. வலது கண்ணை மூடியபோது அங்கேயே இருந்தது. அப்படியென்றால் குறி பார்க்கும்போது அவள் மூளை இடது கண்ணைத்தான் நம்புகிறது. கையோ வலது கை. இது குறை இல்லை, நிறையப் பேருக்கு இப்படித்தான். ஆனால் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். ஏன் என்று கேரம் போர்டில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

கட்டைவிரலைப் பற்றி இன்னொன்று. நீட்டிய கையில் அந்த விரல் நகம் எவ்வளவு இடத்தை மறைக்கிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு இடத்தைத்தான் நம் கண் ஒரே நேரத்தில் கூர்மையாகப் பார்க்கிறது. மீதி எல்லாம் மங்கல்தான். கண் நொடிக்கு இரண்டு மூன்று தடவை தாவித் தாவிப் பார்ப்பதால் எல்லாமே தெளிவாக இருப்பது போல நமக்குத் தோன்றுகிறது. தாவும் அந்தக் கணத்தில் கண் எதையும் தெளிவாகப் பார்ப்பதில்லை. கேரம் போர்டின் முன் உட்கார்ந்தால், கண்ணுக்கும் போர்டின் நடுவுக்கும் உள்ள தூரத்தில் அந்த நகத்தளவு இடம் ஏறக்குறைய ஒரு காயின் அளவுக்கு வரும். பத்தொன்பது காயின் கண் முன்னால் கிடந்தாலும், நிஜமாகப் பார்க்க முடிவது ஒன்றைத்தான்.

கேரமுக்கு வந்தது எப்படி என்று சொல்ல வேண்டும். எங்கள் தெருமுனையில் ஒரு நற்பணி மன்றத்து அறை இருக்கிறது. நடுவில் ஒரு போர்டு, மேலே ஷேடு போட்ட பல்பு, நாலு ஸ்டூல், சுவரோரம் பவுடர் டப்பா. சின்ன வயசில் நானும் அங்கே ஆடியவன். அங்கே ஒரு அண்ணன் இருக்கிறார். துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், அறுபதைத் தாண்டியவர். மாவட்ட அளவில் ஆடியிருக்கிறார். அவரிடம் கூட்டிப்போகலாம் என்றதும் அம்மா சண்டைக்கே வந்துவிட்டாள். "பொம்பளப் புள்ளய கேரம் கிளப்புக்கு இட்டுனு போவப் போறியா?"

அம்மாவின் பயம் எனக்குப் புரியும். கேரம் என்றாலே வேலையில்லாத பையன்கள், பெட்டு, அடிதடி என்றுதான் வெளியே பேச்சு. 2018-ல் வந்த 'வட சென்னை' படத்தில் ஹீரோ கேரம் ஆட்டக்காரன், அது உண்மையாகவே எங்கள் தெருவின் ஆட்டம்தான். ஆனால் ஜனங்கள் மனசில் நின்றது கத்தியும் ஜெயிலும். எனக்கு அதில் வருத்தம் உண்டு. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் தொடங்கப்பட்டதே இந்த சென்னையில்தான். சென்னைக்காரர் மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலக சாம்பியன். 1996-க்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. கேரமுக்கு அர்ஜுனா என்றால் அவர் ஒருவர்தான்.

அம்மாவுக்கு நான் சொன்னது வேறு இரண்டு பெயர். வியாசர்பாடி இளவழகி, 2008-ல் பிரான்சின் கான் நகரத்தில் உலக சாம்பியன் ஆனவர். அடுத்தது காசிமா. நம்ம பக்கத்துப் பெண், அப்பா ஆட்டோ ஓட்டுபவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், குழு மூன்றிலும் தங்கம். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. "அந்தப் பொண்ணுங்களும் இதே மாதிரி போர்டுல ஆடினவங்கதாம்மா" என்றேன். அம்மா பதில் பேசவில்லை. மறுநாள் சாயங்காலம் மகளுக்குத் தலை வாரி விட்டு, "ஆறரைக்குள்ள வந்துரு" என்றாள்.

முதல் நாள் அண்ணன் அவளுக்கு ஸ்ட்ரைக்கரைக் கொடுத்து, பாக்கெட் பக்கத்தில் ஒரு காயினை வைத்து அடிக்கச் சொன்னார். பத்து தடவை. மூன்று விழுந்தது. அவர் காயினைப் பார்க்கவே இல்லை. குனிந்து இவள் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாக்குற நீ? ஸ்ட்ரைக்கரயா? அது உன் கைலதான கீது. எங்க ஓடப் போவுது? காயின பாரு."

காயினைப் பார்த்தாள். அடித்தாள். விழவில்லை.

"முழுக் காயினையும் பாக்காதம்மா. பாக்கெட்லர்ந்து ஒரு கோடு இஸ்துக்கினு வா. காயினுக்கு நடுவுல பூந்து இந்தப் பக்கம் வெளிய வருதில்ல, அந்த ஓரம். அங்கதான் அடி. அங்க மட்டும் பாரு. பாத்துட்டு மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டுன்னு சொல்லு. அப்பறம் வுடு."

அந்த ஒண்ணு, ரெண்டுதான் விஷயம். அண்ணன் எந்தப் புத்தகமும் படித்துச் சொல்லவில்லை. கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ் என்ற ஆய்வாளர் கண் அசைவைப் பதிவு செய்யும் கருவியை ஆட்டக்காரர்கள் தலையில் மாட்டிவிட்டு, கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோ போடும்போது அவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று கவனித்தார். 1996-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. நன்றாகப் போடுகிறவர்கள் கை அசையத் தொடங்குவதற்கு முன் வளையத்தில் ஒரே இடத்தில் கண்ணை நிறுத்திவைக்கிறார்கள். சுமாராகப் போடுகிறவர்களின் கண் அங்கே அவ்வளவு நேரம் நிற்பதில்லை. கண் அமைதியாக நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எந்தத் திசை, எவ்வளவு வேகம் என்று கைக்கு உத்தரவு தயாராகிறது. அதன்பிறகு கோல்ஃப், துப்பாக்கி சுடுதல் என்று பல விளையாட்டில் இதையே பார்த்திருக்கிறார்கள். இந்த அறையில் பல்புக்குக் கீழே அதற்குப் பெயர் "ஒண்ணு, ரெண்டு".

மகள் மறுபடி அடித்தாள். பாதி வழியில் தலையைத் தூக்கிவிட்டாள். அண்ணன் போர்டை மெல்லத் தட்டினார். "விழுற சத்தம் கேக்குற வரிக்கும் தலைய தூக்காத."

இதற்கும் காரணம் இருக்கிறது. கை இங்கே போகும் என்று சிறுமூளை ஒரு கணக்கு வைத்திருக்கும். உண்மையில் எங்கே போனது என்று கண் சொல்லும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் அடுத்த அடியைத் திருத்துகிறது. காயின் எந்தப் பக்கம் எவ்வளவு விலகிப் போனது என்பதைப் பார்க்காமல் தலையைத் தூக்கிவிட்டால் அந்தத் தவறு வீணாகிறது. நூறு தடவை அடித்தாலும் முதல் தடவை அடித்தது மாதிரியேதான்.

மூன்றாவதாக அவர் கண்டுபிடித்தது அந்த இடது கண் விஷயம். "தலைய சாய்க்கிற பாரு" என்று இவள் தாடையைப் பிடித்து நேராக்கினார். குறி பார்க்கும்போது இடது கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவர அவள் தலையை வலது பக்கம் நகர்த்திச் சாய்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அளவு. அதனால் கோடும் தடவைக்குத் தடவை மாறியது. இப்போது ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, ஒரே மாதிரி உட்காரப் பழகியிருக்கிறாள்.

ஒரு ராத்திரி பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டி விதிப்படி ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 4.13 செ.மீ. அகலம், காயின் அதிகபட்சம் 3.18 செ.மீ., பாக்கெட் 4.45 செ.மீ. ஸ்ட்ரைக்கர் காயினில் மோதும்போது இரண்டின் மையத்துக்கும் இடையே மூன்றரை செ.மீ.க்குச் சற்று மேலே இருக்கும். அந்த இடத்தில் ஸ்ட்ரைக்கர் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் காயின் போகும் திசை ஒன்றரை டிகிரி திரும்பும். காயினில் இருந்து 60 செ.மீ. தள்ளி பாக்கெட் இருந்தால் அங்கே போய்ச் சேரும்போது ஒன்றரை செ.மீ.க்கு மேல் விலகிவிடும். பாக்கெட்டில் காயினுக்கு இரு பக்கமும் உள்ள இடைவெளி ஆறு மில்லிமீட்டர்தான். விழாது. அதே தவறு 20 செ.மீ. தூரத்தில் நடந்தால் அரை செ.மீ.தான் விலகும். விழுந்துவிடும்.

அண்ணன் முதல் மூன்று வாரம் பாக்கெட் பக்கத்துக் காயினை மட்டும் அடிக்கவிட்டது ஏன் என்று அந்தக் கணக்கைப் பார்த்ததும் விளங்கியது. கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு விழுகிற தூரம் வேண்டும். விழ விழ அந்த அடியின் உணர்வு கையில் தங்கும். தூரத்துக் காயின், டபுள், கட் எல்லாம் அப்புறம். டிவியில் ஒரு பேட்ஸ்மேனைப் பார்த்துவிட்டு அன்றைக்கே அதே ஷாட்டை அடிக்கச் சொல்கிற அப்பாக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கேரம் ஆடினால் த்ரோபால் வந்துவிடுமா? வராது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு ஆட்டத்தில் பழகிய கை அடுத்த ஆட்டத்துக்கு அப்படியே போய் உட்காருவதில்லை. போனில் திரையைத் தட்டிப் பழகச் சொல்லும் பயிற்சி ஆப்களிலும் இதே கதைதான், திரையைத் தட்டுவதில் தேர்ச்சி வரும், பந்து பிடிப்பது தனியாகத்தான் வர வேண்டும். கேரமில் காயின் நம் முன்னால் அசையாமல் கிடக்கிறது. பந்து பறந்து வருகிறது. ஆனால் கண்ணை எங்கே வைப்பது, கைக்கு முன்னால் கண் போக வேண்டும் என்ற பழக்கம் அவளுக்கு அசையாத காயினில்தான் முதலில் பிடிபட்டது. அதற்குப் பிறகு பந்தையும் தொட்டோம்.

எங்கள் வீட்டுப் பக்கவாட்டுச் சுவர். ஒரு பழைய டென்னிஸ் பந்து. மார்க்கரால் அதில் நாலு பக்கமும் பெரிசாக 3, 5, 7, 9 என்று எழுதினேன். நான் சுவரில் எறிய வேண்டும், திரும்பி வரும்போது தெரிகிற நம்பரை அவள் சத்தமாகச் சொல்லிப் பிடிக்க வேண்டும். மெதுவாகத்தான் எறிந்தேன். முதல் நாள் எட்டிப் பார்த்தபோதுதான் அவளுடைய உண்மையான கோளாறு கண்ணில் பட்டது. பந்து பாதி வழி வந்ததும் குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்தாள். கை சரியான இடத்தில் இருக்கிறதா என்று சரிபார்க்கிறாள், பாவம். அந்த நேரத்தில் பந்து போய்விடுகிறது. "கண்ணு ஒரு பக்கம், கை ஒரு பக்கம்" என்று சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருந்தது. "வராது" என்றதுதான் பொய்.

கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொடச் சொன்னேன். தொட்டாள். "பாத்தியா, கை எங்க இருக்குன்னு உனக்குப் பாக்காமலே தெரியும். அப்புறம் எதுக்கு அதைப் பாக்குற?" அன்று அவள் சிரித்த சிரிப்பு எனக்கு மறக்காது. காசிமேட்டில் வலை சரிசெய்கிற பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஊசி கண்ணி கண்ணியாகப் போய்க்கொண்டிருக்கும், அவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருப்பார்கள். கைக்கு அந்த அளவு தெரியும்.

பந்தையே பார் என்று நாம் எல்லோரும் சொல்வோம். அதையும் முழுக்கச் செய்ய முடியாது என்று தெரிந்துகொண்டேன். மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-ல் கிரிக்கெட் பேட்ஸ்மேன்களின் கண் அசைவைப் பதிவு செய்து வெளியிட்டார்கள். பந்து கிளம்பும் இடத்தைப் பார்க்கிறார்கள், பிறகு பந்தை விட்டுவிட்டு அது எங்கே குத்தும் என்று நினைக்கிறார்களோ அங்கே கண் முன்னாலேயே தாவி நிற்கிறது. குத்திய பிறகு கொஞ்ச நேரம் மறுபடி பந்தோடு போகிறது. தேர்ந்த ஆட்டக்காரரின் கண் அந்தத் தாவலைச் சீக்கிரமாகச் செய்கிறது. பாக்சிங் ஊறிய பகுதி எங்களுடையது, சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று பேச்சு இன்னும் ஓயவில்லை. அங்கேயும் பழைய ஆட்கள் கிளவுஸைப் பார்க்கச் சொல்ல மாட்டார்கள். நெஞ்சையும் தோளையும் பார்க்கச் சொல்வார்கள். குத்து கிளம்பும் இடம் அதுதான்.

அதனால் மகளுக்கு இப்போது நான் சொல்வது இரண்டே விஷயம். எறிகிறவரின் கையை விட்டுப் பந்து கிளம்பும் இடத்தைப் பார். பிறகு பந்து வரப்போகிற இடத்துக்குக் கண்ணை முன்னாலேயே அனுப்பு. கை தானாக வரும், நம்பு.

தினமும் சுவரில் பதினைந்து நிமிஷம், போர்டில் இருபது நிமிஷம். அதற்கு மேல் விடுவதில்லை. களைத்த பிறகு அடிக்கிற அடி தப்பான பழக்கத்தைத்தான் பதிய வைக்கும். ராத்திரி ஒன்பதரைக்குப் படுக்கை. பகலில் பழகியதை மூளை தூக்கத்தில்தான் அடுக்கிவைக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் வராத ஒரு அடி மறுநாள் முதல் தடவையிலேயே விழுவதை நான் பல தடவை பார்த்துவிட்டேன். பரீட்சை வாரத்தில் போனை வைத்துக்கொண்டு லேட்டாகத் தூங்கிய நாட்களின் மறுநாள் கணக்கும் நோட்டில் இருக்கிறது. அந்த வாரம் எல்லாமே இறங்கியிருக்கிறது.

ஆம், ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். நாற்பது பக்க நோட்டு. பத்துக்கு எத்தனை என்று மட்டும் அவள் கையாலேயே எழுதுவாள். ஆகஸ்ட் முதல் வாரம் பாக்கெட் பக்கத்துக் காயின் மூன்று. செப்டம்பரில் ஆறு. நடுவில் டிசம்பர் மழையில் பத்து நாள் அறைக்குள் தண்ணீர், போர்டு நனைந்து உப்பிப்போனது, பக்கம் காலி. அண்ணன் போர்டைச் சரிசெய்து, சமமாக இருக்கிறதா என்று ஸ்ட்ரைக்கரை உருட்டி உருட்டிப் பார்த்துத் திரும்பப் போட்டார். ஜனவரியில் பாக்கெட் பக்கம் ஒன்பது, சுவரில் நம்பர் சொல்லிப் பிடித்தது ஏழு.

போன மாசம் ரெட் போட்டாள். அதற்கு ஃபாலோவாக அடுத்து அடித்த காயின் விழவில்லை, ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிட்டது. எதிரில் ஆடிய பையன் கை தட்டினான். இவள் தலையைத் தூக்காமல், ஃபாலோ காயின் போய் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

த்ரோபால் டீமுக்கு இந்த ஜூனில் மறுபடி தேர்வு இருக்கிறது. அவளாகவே பெயர் கொடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். இடது பக்கத்துக் கட் மட்டும் இன்னும் பத்துக்கு நாலுதான். இன்றைக்கு அதை மட்டும் பார்க்கலாம், அஞ்சரைக்கே வந்துவிடுங்கள் என்று அண்ணன் சொல்லியனுப்பியிருக்கிறார். பவுடர் தீர்ந்துபோயிற்றாம், போகிற வழியில் ஒரு டப்பா வாங்க வேண்டும்.